ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல்

மதுரையை அடுத்த கருப்பாயூரணிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். 2022 ஏப்ரல் மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. முன்னும் பின்னும் கீரைச் சாக்குகளைக் கட்டிக்கொண்டு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நின்றது. ஓட்டிவந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். "அம்பதுக்குப் போடுப்பா" என்றார். பக்கத்தில் நின்ற காருக்கு டேங்கை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"விலை ஏறுனதுக்கப்புறம் எவ்வளவுக்குண்ணே போடுறீங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கும் அம்பதுதான், இன்னைக்கும் அம்பதுதான். காலையில கையில அவ்வளவுதான் இருக்கும். முன்னாடி அண்ணாநகர், கே.கே.நகர்னு சுத்தி புதூர் வரைக்கும் போவேன். இப்ப கே.கே.நகரோட வண்டியத் திருப்பிருவேன். மிச்சக் கீரையைப் பாதி விலைக்குத் தள்ளிட்டு வர வேண்டியதுதான்."

எரிபொருள் விலை உயர்வு ஏழைக் குடும்பங்களை என்ன செய்கிறது என்ற கேள்வியை இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். வசதியுள்ளவர் எரிபொருளை லிட்டரில் வாங்குகிறார். விலை ஏறினால் அவருடைய பில் ஏறுகிறது. இல்லாதவர் ரூபாயில் வாங்குகிறார். விலை ஏறினாலும் அவர் கொடுப்பது அதே ஐம்பதுதான். குறைவது தூரம், வியாபாரம், அடுப்பெரியும் நேரம், தட்டில் விழும் காய். செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தக் கீரைக்காரருக்கு விலை உயர்வால் ஒரு பாதிப்பும் இல்லை. பாதிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை வண்டி, அடுப்பு, சந்தை, கடல் என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

விலை ஏறிய வழி

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபரில் டீசல் விலையையும் மத்திய அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறத் தொடங்கியது. உலகச் சந்தையில் விலை ஏறினால் இங்கே ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே அப்போது சொல்லப்பட்ட நியாயம்.

நடந்தது அப்படியல்ல. 2014இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9.48 ரூபாய், டீசலுக்கு 3.56 ரூபாய். கொரோனாவால் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 20 டாலர் அளவுக்கு வீழ்ந்த 2020இல், மே மாதம் அந்த வரி பெட்ரோலுக்கு 32.98 ரூபாயாகவும் டீசலுக்கு 31.83 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு அரசும் அதே மாதம் தன் வரியை மாற்றி, பெட்ரோலுக்கு 13 விழுக்காட்டோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் என்று நிர்ணயித்தது. வேலையிழந்து வீட்டில் முடங்கியிருந்த மக்களுக்கு விலை வீழ்ச்சியின் பலன் போய்ச் சேரவில்லை.

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் மாநில அரசு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய் குறைத்தது. பிறகு ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை விலை அசையவில்லை. உக்ரைன் போரில் கச்சா எண்ணெய் விலை ஏறிய பின், 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரையிலான 16 நாட்களில் 14 முறை விலை உயர்ந்தது. லிட்டருக்கு 10 ரூபாய் கூடியது. சென்னையில் பெட்ரோல் 110.85 ரூபாய், டீசல் 100.94 ரூபாய். மே மாதம் கலால் வரியை மறுபடியும் குறைத்தார்கள். அதன்பின் 2025 வரை பெரிய ஏற்றம் இல்லை என்றாலும், பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேலேயே தங்கிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது வரியின் அமைப்பு. லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று விதிக்கப்படும் வரி, பெட்ரோலை ஊற்றிக்கொள்பவர் யார் என்று பார்ப்பதில்லை. சொகுசுக் காரின் ஒரு லிட்டரும் கீரைக்காரர் எக்ஸ்எல்லின் ஒரு லிட்டரும் அதற்கு ஒன்றுதான்.

வண்டி: சுருங்கும் தூரம்

ஐம்பது ரூபாயின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2020 ஏப்ரலில் சென்னையில் பெட்ரோல் 72.28 ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு 690 மில்லி கிடைத்தது. 2022 ஏப்ரலில் அதே பணத்துக்குக் கிடைத்தது 450 மில்லி. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால், 34 கிலோமீட்டர் 22 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. தெருத்தெருவாகச் சுற்றி விற்பவருக்கு இந்த 12 கிலோமீட்டர் வெறும் தூரமல்ல. அன்றைய லாபமே பெரும்பாலும் அந்தக் கடைசிச் சுற்றில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் விற்றது சரக்கின் முதலுக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும்.

எரிபொருள் விலை ஏறினால் அதை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். பெரிய நிறுவனத்தால் முடியும். ஆட்டோ ஓட்டுநரால் முடியுமா? தமிழ்நாட்டில் 2013 ஆகஸ்டில் ஆட்டோ மீட்டர் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேல் அது திருத்தப்படவில்லை. விளைவு, மீட்டர் செத்துப் பேரம் பிழைத்தது. வாடகை ஆட்டோ ஓட்டுபவர் வண்டிக்காரருக்கு நாள் வாடகையையும் பங்கில் பெட்ரோல் காசையும் எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். பயணியும் பெரும்பாலும் அவரைப் போன்றவரே. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ பிடிக்கும் கூலித் தொழிலாளியிடம் எவ்வளவு கேட்டுவிட முடியும்? செல்போன் செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களுக்கும் இதே நிலை. பெட்ரோல் அவர்கள் செலவு; ஒரு ஆர்டருக்கு என்ன கூலி என்பதை முடிவு செய்வது வேறொருவர்.

இந்த இடத்தில் தமிழ்நாடு செய்த ஒரு காரியம் தனித்து நிற்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் பூ விற்கும் பெண்ணுக்கும் 888 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு சிலிண்டரின் விலை. பெட்ரோல் விலையில் ஒரு பைசாவும் குறைக்காமலே ஏழை வீட்டின் எரிபொருள் சுமையை இறக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. பேருந்து அடிக்கடி வரும் ஊருக்குத்தான் இந்தப் பலன் முழுசாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுப்பு: நீளும் இடைவெளி

முதுகுளத்தூர் பக்கம் ஒரு வீடு. கூரைக்குள் கேஸ் அடுப்பு துணி போட்டு மூடியிருந்தது. வெளியே தாழ்வாரத்தில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "கேஸு டீ போடுறதுக்கும் மழை நாளுக்கும் தம்பி. சோத்துக்கும் வெந்நீருக்கும் கருவ முள்ளுதான்" என்றார் அந்த அக்கா. கேஸ் புத்தகத்தைக் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார். 2020இல் ஊரடங்கு நேரத்தில் நெருக்கமாக மூன்று பதிவுகள். ஏழை வீடுகளுக்கான மத்திய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புகளுக்கு மூன்று சிலிண்டர் இலவசமாகக் கொடுத்த காலம் அது. அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. 2022இல் ஐந்து மாதத்துக்கு ஒன்று. விலைவாசி உயர்வின் வரலாறு அந்த மெல்லிய புத்தகத்தில் தேதிகளாக எழுதப்பட்டிருந்தது.

ஏழை வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு கொண்டுபோவதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2007லேயே மாநில அரசு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கியது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் பிரதமர் தொடங்கிவைத்த உஜ்வலா திட்டம், நாடு முழுவதும் 10 கோடிக்கும் அதிகமான இணைப்புகளைக் கொடுத்திருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 58.6 விழுக்காடு வீடுகளும் தமிழ்நாட்டில் 82.9 விழுக்காடு வீடுகளும் தூய எரிபொருளில் சமைக்கின்றன. இதெல்லாம் சாதனைதான். ஆனால் இணைப்பு ஒருமுறை கொடுப்பது. சிலிண்டர் மாதாமாதம் வாங்குவது.

சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாய். இந்தக் காலத்தின் முதற்பாதியில் பெரும்பாலான வீடுகளுக்கு மானியமும் நின்றுபோயிருந்தது. 2022 மே மாதம் உஜ்வலா வீடுகளுக்கு மட்டும் 200 ரூபாய் மானியம் வந்தது. 2023 அக்டோபரில் அது 300 ஆனது. பொதுவிலையும் 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் இறங்கி, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது.

2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, கிராமப்புறத்தில் அடித்தட்டில் உள்ள 5 விழுக்காட்டினர் தலைக்கு மாதம் 1,373 ரூபாயில் வாழ்வதாகச் சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 5,492 ரூபாய். அதில் ஒரு சிலிண்டருக்கு 1,100 ரூபாய் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. எந்த வீட்டால் முடியும்? அதனால்தான் உஜ்வலா வீடுகள் 2022-23இல் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு சிலிண்டர்கூட வாங்கவில்லை. முழுச் சமையலும் கேஸில் செய்தால் எட்டாவது வேண்டும்.

மானியம் வங்கிக் கணக்கில் வருகிறதே என்பார்கள். வருகிறது, பிறகு. சிலிண்டர் வாசலுக்கு வரும்போது முழு விலையையும் கையில் வைத்திருக்க வேண்டும், தூக்கி வந்தவருக்குத் தனியாக நாற்பது, ஐம்பதும் வேண்டும். நாள் கூலியில் ஓடும் வீட்டில் மொத்தமாக ஆயிரம் ரூபாய் சேர்வதுதான் கஷ்டம். கீரைக்காரரின் ஐம்பது ரூபாயும் இதுவும் ஒரே கதைதான்.

விறகு இலவசம் என்று நினைப்பதும் தவறு. கருவை வெட்டப் போகும் நேரம், முள் குத்திய கை, கட்டைச் சுமந்த கழுத்து எல்லாம் பெண்ணுடையவை. புகையும் அவளுக்கே. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது தமிழ்நாட்டில், நாகப்பட்டினம் உள்ளிட்ட பகுதிகளில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினரால் நடத்தப்பட்டது. ஒரு பகுதிப் பெண்களுக்கு அடுப்பும் எரிவாயுவும் தடையின்றி இலவசமாகக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பது அதன் ஒரு முடிவு. இன்னொரு முடிவு நம் கேள்விக்கு நேரானது: எரிவாயு தொடர்ந்து கிடைத்தபோது அந்தப் பெண்கள் விறகடுப்பை ஏறக்குறைய முற்றாகக் கைவிட்டார்கள். கிராமத்துப் பெண்கள் பழக்கத்தை விடமாட்டார்கள், விறகில் சமைத்தால்தான் ருசி என்பார்கள் என்ற பேச்சுக்கு இது பதில். தடை பழக்கத்தில் இல்லை, விலையில்தான் இருக்கிறது.

சந்தை: வண்டி இல்லாதவர் கட்டும் விலை

ஏழைக்கு ஏது கார், பெட்ரோல் விலை அவரை எப்படிப் பாதிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டன்சத்திரத்துக் காயும் நாசிக் வெங்காயமும் கோயம்பேட்டுக்கு நடந்து வருவதில்லை. லாரியின் ஓட்டுச் செலவில் பெரும்பங்கு டீசல். டீசல் ஏறினால் நாமக்கல்லில் லாரி வாடகை ஏறும், மொத்தச் சந்தையில் மூட்டைக்கு ஏறும், தள்ளுவண்டியில் கால் கிலோவுக்கு ஏறும். டெல்டாவில் கதிர் அறுக்கும் மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை; டீசலோடு அதுவும் ஏறுகிறது. குத்தகைக்கு இரண்டு ஏக்கர் பயிர் செய்பவர் நெல் விலையைத் தானாக ஏற்ற முடியாது.

வருமானம் குறையக் குறைய அதில் உணவின் பங்கு கூடும். ஆகவே லாரி வாடகையின் வழியே வரும் விலையேற்றம் ஏழை வீட்டில்தான் ஆழமாக இறங்குகிறது. பன்னாட்டு நிதியத்தின் ஆய்வாளர்கள் 2012இல் வளரும் நாடுகளை ஒப்பிட்டபோது, எரிபொருள் விலை உயர்வால் குடும்பங்களுக்கு ஏற்படும் இழப்பில் பாதிக்கு மேல் இப்படி மற்றப் பொருட்களின் விலை வழியாகவே வருகிறது என்று கண்டார்கள்.

நம் விலைவாசிக் குறியீடும் இதைத் தெளிவாகக் காட்டுவதில்லை. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் 'எரிபொருள், விளக்கு' என்ற தலைப்புக்கு இருந்த எடை 6.84 விழுக்காடு மட்டுமே. வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் அந்தத் தலைப்பில் வரவில்லை, போக்குவரத்தில் இருந்தது. காய்கறிக்குள் ஒளிந்த டீசல் உணவில் இருக்கிறது. எரிபொருள் மூன்று தலைப்புகளில் சிதறிக் கிடக்க, ஏழைக்கு அது ஒரே பையிலிருந்து போகிறது.

கடல்: கரையிலேயே நிற்கும் படகு

எரிபொருள் விலை ஒரு தொழிலை எப்படி ஒரே நாளில் நிறுத்தும் என்பதை 2022இல் இலங்கையின் வடக்கு மீனவர்கள் கண்டார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்துபோன அந்த ஆண்டு, மார்ச் மாதத்தில் எரிபொருள் வரிசையில் காத்திருந்த இரண்டு முதியவர்கள் உயிரிழந்தார்கள். ஜனவரியில் இலங்கைப் பணத்தில் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் ஜூன் இறுதியில் 470 ரூபாய் ஆனது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்குத் தாவியது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு முறை கடலுக்குப் போக 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ரூபாய் ஆகிவிட்டது. வலையில் என்ன விழும் என்று தெரியாத தொழிலில் யார் அந்தத் துணிச்சலை எடுப்பார்? படகு கரையில் நின்றது. மண்ணெண்ணெய் விலை அதுவரை குறைவாக வைக்கப்பட்டிருந்ததும் ஏழைகளுக்காகத்தான். படிப்படியாக உயர்த்தாமல், மாற்று ஏற்பாடும் செய்யாமல் விட்டதன் சுமை கடைசியில் அவர்கள் மீதே மொத்தமாக விழுந்தது.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் குறிப்பிட்ட அளவு வழங்கப்படுகிறது. தொழிலைப் பார்த்துக் கொடுக்கும் சலுகை இது. பொதுவிலையைத் தொடாமல் வேண்டியவர் கைக்கு அது போய்ச் சேருகிறது.

மானியம் யாருக்குப் போகிறது?

அப்படியானால் எல்லோருக்கும் விலையைக் குறைத்துவிடலாமா? நேர்மையாகச் சொன்னால், அதிலும் ஏழைக்குக் கிடைப்பது குறைவு. மேலே சொன்ன பன்னாட்டு நிதிய ஆய்வு, எரிபொருள் மானியத்தில் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினர் பெறுவது, அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கினர் பெறுவதைப்போல ஆறு மடங்கு என்று கணக்கிட்டது. அதிகம் எரிப்பவருக்கு அதிகம் போகும். ஆகவே பொது மானியத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மானியத்தை எடுத்த பிறகு மிச்சமான பணம் எங்கே போனது என்ற கேள்விக்கு அவர்கள் பலநேரம் பதில் சொல்வதில்லை.

மற்ற நாடுகளின் அனுபவம் இதில் உதவும். நைஜீரியாவில் 2023 மே மாதம் புதிய அதிபர் பதவியேற்பு உரையிலேயே மானியம் முடிந்தது என்று அறிவித்தார். பெட்ரோல் சில நாட்களிலேயே ஏறக்குறைய மூன்று மடங்கானது. மக்களைத் தாங்கிப் பிடிக்க எந்த ஏற்பாடும் தயாராக இல்லை. ஈரான் 2010 இறுதியில் விலையை உயர்த்தியபோது ஒவ்வொருவருக்கும் மாதம் 4,55,000 ரியால் கொடுத்தது. தொடக்கத்தில் அது ஏழைகளுக்குப் பெரிய துணையாக இருந்தது. தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தாததால் பணவீக்கம் அதைத் தின்றுவிட்டது. இந்தோனேசியா 2005 அக்டோபரில் மண்ணெண்ணெயை 700 ரூபியாவிலிருந்து 2,000 ரூபியாவுக்கு உயர்த்தியது. கூடவே ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 1,00,000 ரூபியா ரொக்கம் கொடுத்தது. 2007 முதல் மண்ணெண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாற, கோடிக்கணக்கான வீடுகளுக்கு 3 கிலோ சிலிண்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கையில் இருக்கும் சிறு தொகைக்கு வாங்கக்கூடிய, தெருமுனைக் கடையில் கிடைக்கக்கூடிய சிலிண்டர். ஏழை ரூபாயில்தான் வாங்குகிறார் என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் அது.

என்ன செய்யலாம்?

இவற்றை வைத்துப் பார்த்தால் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, கச்சா எண்ணெய் இறங்கும்போது வரியை ஏற்றி, ஏறும்போது சுமையை மக்களிடம் தள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். இறங்கும் காலத்தில் ஏற்றிய வரி, ஏறும் காலத்தில் தானாக இறங்கும்படி விதி இருக்க வேண்டும். இரண்டாவது, பேருந்து. எக்ஸ்எல்லுக்கும் ஆட்டோவுக்கும் மாற்றாக அடிக்கடி வரும் நகரப் பேருந்தைவிடப் பெரிய எரிபொருள் மானியம் கிடையாது. மூன்றாவது, ஆட்டோ மீட்டர் போன்ற கட்டணங்களைப் பெட்ரோல் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். நான்காவது, உஜ்வலா மானியத்தைக் கழித்துக்கொண்டே சிலிண்டருக்குப் பணம் வாங்க வேண்டும். 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அதை ரேஷன் கடை வரைக்கும் மானிய விலையில் கொண்டுவந்தால், வாரக் கூலி வாங்கும் வீடும் வாங்கும். திருப்பூரில் வாடகை அறையில் சமைக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அது கை கொடுக்கும்.

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விலை உயர்வின் பாதிப்பை, மக்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்த்து அளக்காமல், எதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று பார்த்து அளக்க வேண்டும். இதற்குப் புதிதாகக் கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. எந்த வீடு எந்தத் தேதியில் சிலிண்டர் வாங்கியது என்பது எண்ணெய் நிறுவனங்களின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தாலுகாவில் உஜ்வலா வீடுகளின் இடைவெளி மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதமாக நீள்கிறது என்றால், அங்கே அடுப்பு அணைந்து விறகு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். பட்டினிச் சாவு வரும்வரை காத்திருக்காமல் அந்தத் தாலுகாவுக்கு மானியத்தைக் கூட்டலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மழையளவையும் அணை நீர்மட்டத்தையும் நாள்தோறும் எழுதி வைக்கிறார்கள். முதுகுளத்தூர் அக்காவின் கேஸ் புத்தகத்தில் இருந்த தேதிகளையும் அந்த வரிசையில் சேர்த்துப் பார்க்கத் தொடங்கட்டும். அடுத்த விலை உயர்வை எந்த வீடு தாங்கும், எந்த வீடு தாங்காது என்பது அதில் தெரியும்.